வெள்ளிக்கிழமை மட்டும் நேராகப் போகும் படகு

"எங்க படகுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்மா. பிடிக்க வச்சது என் பொண்டாட்டி."

இப்படி ஆரம்பிக்கிற கேஸை யாராவது வேண்டாம் என்பார்களா? ஜாகிர் வாயில் வைத்த ரொட்டி சானாயை மெல்லுவதை மறந்து தன் முதலாளியைப் பார்த்தான்.

முதலாளிக்கு, அதாவது துப்பறியும் தினேஸ்வரிக்கு, ஆச்சரியம் அவ்வளவு எளிதில் வராது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். தானாகத் தீப்பிடித்த கடை, தானாகப் போய் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் இறங்கிய கார் என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. இப்போது ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில் சொந்த அலுவலகம். கடையும் கட்டடமும் ஜாகிரின் அத்தாவுடையவை. மாடி வேண்டுமென்றால் மகனையும் சேர்த்து வேலைக்கு வைத்துக்கொள் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படி மாடியோடு வந்த உதவியாளன்தான் ஜாகிர்.

இன்று இருவரும் லூமுட் ஜெட்டிக்கு, அதாவது படகுத்துறைக்கு, எதிரே ஒரு கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இருந்தவர் பழனியப்பன். பெரிய மீசை, பெரிய தொப்பை, சின்னக் குரல். சுங்கை சிப்புட்டில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். வயதானதும் பட்டறையை மூடி, ஈப்போ வீட்டை மகனுக்குக் கொடுத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் பாய்மரப் படகை வாங்கி, மனைவியோடு அதிலேயே குடியேறிவிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"பைத்தியம் எப்போ பிடிக்குது அண்ணே?" என்றாள் தினேஸ்வரி.

"மழைக் காத்து வரும்போதுலா. வெயில்ல பசு மாதிரி போவும். பங்கோர் தீவுப் பக்கம் கருத்துக்கிட்டு ஒரு காத்து அடிச்சா போதும், படகு ஒரு பக்கம் சாயும். சாஞ்ச ஒடனே தானா திரும்பிடும். எங்க திரும்புது? நேரா நேவிக்காரன் எல்லைக்கு! போன வாரம் ஸ்பீக்கர்ல பேரைச் சொல்லியே ஏசுறாம்மா."

"நீங்க ஸ்டியரிங்கைப் பிடிக்கலையா?"

"மழையில எவன் நனையறது? அதுக்குத்தான் ஆட்டோ பைலட் இருக்குல்ல. ஒரு பட்டனை அமுக்குனா அதுவே ஓட்டும். வடக்கு எந்தப் பக்கம்னு அதுக்குச் சொல்ல ஒரு சின்ன டப்பா, படகோட நடுவுல, அடியில ஒரு பலகைக்குப் பின்னால திருகி வச்சிருக்கு. எல்லா மெக்கானிக்கும் வந்து பார்த்துட்டான். கட்டிப்போட்ட படகுல பார்த்தா தங்கமா வேலை செய்யுது."

"அப்போ மனைவி மேல ஏன் சந்தேகம்?"

பழனியப்பன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார். "படகுக்கு எங்கம்மா பேரை வச்சிட்டேன். நல்லம்மாள்."

"அலாமாக்!" என்றான் ஜாகிர். "அப்போ உங்க வீட்டம்மா மாமியார் வயித்துக்குள்ள குடித்தனம் பண்றாங்க!"

"அதேதான் தம்பி! அவளுக்கு ஈப்போவுக்குத் திரும்பிப் போவணும். அதான் ஏதோ பண்றா."

"போகணும்னு சொன்னாங்களா?" என்றாள் தினேஸ்வரி.

"சொல்லலையே! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எல்லாத்துக்கும் என்னை ஏசுறவ. படகைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை ஏசலைம்மா. சந்தேகம் வருமா வராதா?"

பழனியப்பன் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சொல்ல வந்ததை அப்போதுதான் சொன்னார்.

"சாயங்காலம் சாவியைத் தேவன்கிட்ட கொடுக்கப் போறேன். டூரிஸ்ட் படகு ஓட்டுறான்ல, அந்தத் தேவன். நம்ம படகு மேல அவனுக்கு ரொம்ப நாளா கண்ணு. மத்தியானம் கடைசியா ஒரு சுத்து சுத்திக் காட்டணும். விக்க எனக்கு ஆசையா சொல்லு? அது எங்க வீடும்மா. ஆனா பொண்டாட்டியே என்னைக் கடல்ல கவுக்கப் பார்க்குறான்னா நான் எங்க போயித் தூங்குறது? சாயங்காலத்துக்குள்ள இது அவ வேலை இல்லைன்னு சொல்லிடு. விக்க மாட்டேன்."

கண் கலங்கிவிட்டது. மீசை பெரிதாக இருப்பவர்கள் அழுதால் பார்க்க இரண்டு மடங்கு கஷ்டமாக இருக்கிறது.

"மழையில ஒரு நாளாவது நேராப் போயிருக்கா?" என்றாள் தினேஸ்வரி.

"வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மட்டும் எவ்வளவு அடிச்சாலும் கோடு போட்ட மாதிரி போவும்."

"பக்தியான படகுலா," என்றான் ஜாகிர்.

தினேஸ்வரி சிரிக்கவில்லை. "தேவன் வெள்ளிக்கிழமை எங்க இருப்பாரு?"

"சித்தியவான் ஊருக் கோயில்ல. வெள்ளிக்கிழமை ஆனா அவன் ஜெட்டிப் பக்கமே வரமாட்டான்."

ஜாகிர் பாஸைப் பார்த்தான். பாஸ் ஜாகிரைப் பார்த்தாள். ஆசைப்படுகிறவன் ஊரில் இல்லாத நாளில் படகு ஒழுங்காக ஓடுகிறது. பூனை இல்லாத நாளில் பால் பத்திரமாக இருக்கிற மாதிரி.

"மத்தியானம் தேவனும் படகுல வரட்டும்," என்றாள் தினேஸ்வரி. "என் கண்ணு முன்னாலயே உக்காரட்டும்."

*

நல்லம்மாள் வெளியிலிருந்து பார்க்க ஒரு பஸ் நீளம் இருந்தாள். உள்ளே இறங்கினால் அதில் பாதி இல்லை. ஒரு பக்கம் சமையல் மேடை, மறுபக்கம் படுக்கை, படுக்கைக்கு அடியில் அலமாரி, நடுவில் எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய பாதை. சாமி படங்கள்கூடச் சுவரில் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தன. மழைக்காலத்தில் மெத்தையில் பூஞ்சை, வெயில் காலத்தில் பலகையில் வெடிப்பு, எல்லாக் காலத்திலும் உப்பு. படகில் குடியிருப்பவர்களுக்கு ஓய்வு என்பது அடுத்து என்ன கெட்டுப்போகும் என்று யோசிக்கிற நேரம்தான்.

சந்தேகத்துக்குரிய பெண்மணி எஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்தாள். கையில் ஸ்பேனர், கன்னத்தில் எண்ணெய்க் கறை.

"மணி, யாரு வந்திருக்கா பாரு," என்றார் பழனியப்பன், நாடகத்தில் முதல் முறை வசனம் பேசுகிறவர் போல. "எங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா மக. தெலுக் இந்தான்லேர்ந்து."

நவமணி தலையை வெளியே எடுத்து, தினேஸ்வரியை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படியா. இந்தத் தம்பி?"

பழனியப்பன் அதை யோசித்து வைக்கவில்லை. "டிரைவர், ஜாகிர்," என்றார் அவசரமாக.

ஜாகிருக்கு முகம் சுருங்கிவிட்டது. "டிரைவர்தான்க்கா. கார் ஓடாத நேரத்துல மூளையும் ஓட்டுவேன்."

"வாங்க, உக்காருங்க. அந்தப் பக்கம் வேணாம்மா, மெத்தை இப்பதான் புதுசா தைச்சுப் போட்டேன்."

தினேஸ்வரி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். பேசப் பேச அவளுக்குக் குழப்பம்தான் கூடியது. இந்தப் படகில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்தக் கயிறு இந்த மழையோடு நைந்துவிடும், எந்த ஜன்னல் ரப்பரை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் நவமணிக்குத்தான் தெரிந்திருந்தது. பழனியப்பன் பட்டனை அமுக்குகிறவர். அவ்வளவுதான்.

"விக்கப் போறீங்களாமே அக்கா?"

"அவருக்கு இஷ்டம்," என்றாள் நவமணி. "ஆம்பளை முடிவு பண்ணிட்டா நாம என்ன சொல்றது." பழந்துணியை எடுத்து மரப்படியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அது ஏற்கனவே முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது.

அதற்குள் ஜாகிரின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. "என்ன வாசம்க்கா இது?"

"ஆட்டுக்கறிப் பிரட்டல். கடைசியா போற சுத்து, நல்லா சாப்பிடட்டும்னு ஆக்குனேன். பாய் கடையில வாங்குன கறிதான் தம்பி. யோசிக்காம சாப்பிடலாம்."

"அக்கா, நீங்கதான் என் சொந்தம். இவங்க வேணும்னா எனக்கு டிரைவரா இருக்கட்டும்."

"எப்பவும் கறிதானா?" என்றாள் தினேஸ்வரி.

"வெள்ளிக்கிழமை மட்டும் சைவம்லா. மத்த நாளு கறியோ கோழியோ இல்லாட்டி அவருக்குச் சோறு எறங்காது. கட்டிப்போட்டிருக்கும்போதே ஆக்கி எடுத்து வச்சிருவேன். கடல்ல ஆடுற ஆட்டத்துல அடுப்பைப் பத்த வைக்க முடியுமா?"

டிபன் கேரியரை ஒரு பெரிய துணிப் பையில் இறக்கி, பையைப் படுக்கைக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் வைத்தாள். "இங்க வச்சா கவுராது," என்றாள்.

மேலே ஜெட்டியில் காலடிச் சத்தம் கேட்டது. தேவன் வந்துவிட்டார்.

*

தேவன் வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்து, கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல வந்திருந்தார். இப்போதே படகு தன்னுடையது என்கிற மாதிரி பாய்மரத்தைத் தட்டிப் பார்த்தார். தினேஸ்வரி அவரை ஸ்டியரிங் சக்கரத்துக்கு எதிரே தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பெரிய குடையை விரித்து நீட்டினாள்.

"மழை வருது அண்ணே. சட்டை நனைஞ்சிடும். ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

இனி தேவன் சதி செய்வதானால் காலால்தான் செய்ய வேண்டும்.

படகு ஜெட்டியை விட்டுக் கிளம்பியது. சொன்ன மாதிரியே பசுவைப் போல நடந்தது. பழனியப்பன் பட்டனை அமுக்கிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தார். சக்கரம் தானாக ஒரு சுற்று அசைந்து நின்றது. நவமணி பாய்க் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள். பங்கோர் தீவுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஜாகிரின் முகமும் கறுத்தது. "அக்கா, எனக்கு வயித்தைப் புரட்டுது. நான் கீழ போயிப் படுக்கறேன்."

"இங்கேர்ந்து ஜெட்டி இன்னும் தெரியுதுடா!" என்றாள் தினேஸ்வரி.

"கண்ணுக்குத் தெரியுது. வயித்துக்குத் தெரியலையே," என்று சொல்லிக்கொண்டே அவன் படியிறங்கினான்.

முதல் காற்று அடித்தது. மழை வலது பக்கத்திலிருந்து வாளியால் ஊற்றுவது போல வந்தது. படகு இடது பக்கம் சாய்ந்தது. சாய்ந்த மறுநிமிடமே சக்கரம் யாரும் தொடாமல் கடகடவென்று சுற்றியது. நல்லம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடற்படை எல்லையை நோக்கிக் கிளம்பிவிட்டாள்.

"பார்த்தியா! பார்த்தியா!" என்று கத்தினார் பழனியப்பன்.

தினேஸ்வரி தேவனைப் பார்த்தாள். இரண்டு கையும் குடையில் இருந்தன. கால்கள் இரண்டும் இருக்கை மேல் ஏறியிருந்தன. வாய் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நவமணியைப் பார்த்தாள். அவள் முன்பக்கம் பாய்க் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தாள். சக்கரத்துக்கும் அவளுக்கும் இடையில் ஒரு முழுப் படகு இருந்தது.

இரண்டு சந்தேகமும் ஒரே காற்றில் பறந்துவிட்டன.

மழைத் திரைக்குப் பின்னாலிருந்து ரோந்துப் படகு ஒன்று வந்து நின்றது. ஸ்பீக்கர் கரகரத்தது. "நல்லாமா! நல்லாமா! லாகி?" மறுபடியுமா என்று கேட்ட அந்தக் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தபோது, சக்கரம் தானாகவே திரும்பிச் சுற்றியது. படகு நல்ல பிள்ளையாகப் பழைய வழிக்கு வந்தது. மழையும் காற்றும் அப்படியேதான் இருந்தன.

தினேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மெக்கானிக் தொடவில்லை. யாரும் பட்டனை அமுக்கவில்லை. பின் எப்படிச் சரியானது?

நவமணி நனைந்த தலையைத் துடைக்கத் துண்டு எடுக்கக் கீழே போனாள். சற்று நேரத்தில் படகு மறுபடி முகத்தைத் திருப்பியது. அதே நேரத்தில் ஜாகிர் படியேறி மேலே வந்தான். வயிற்றைப் புரட்டுகிறவன் முகமாக அது இல்லை. உதட்டோரம் மசாலா இருந்தது.

"ஜாகிர், கீழ என்ன செஞ்சே?"

"மனசைத் திடப்படுத்திக்கிட்டேன்க்கா."

"எத்தனை துண்டு?"

"எலும்பையும் சேர்த்துச் சொல்லணுமா?"

"பையை எப்போ எடுத்தே? எப்போ வச்சே?"

ஜாகிர் தலையைச் சொறிந்தான். "நேவிக்காரன் ஏசும்போது எல்லாரும் அங்க பார்த்தீங்கல்ல, அப்போ பையை அலமாரியிலேர்ந்து தூக்கிச் சமையல் மேடைக்குக் கொண்டு போனேன். நவமணி அக்கா எறங்குற சத்தம் கேட்டுச்சு. ஒடனே உள்ள வச்சிட்டேன். கரண்டிகூடப் பையிலயே ஒட்டிக்கிச்சு. அவ்வளவு கெட்டி மசாலா!"

"போயி மறுபடி எடு."

"பாஸ் சொல்லித் திருடுறது இதுதான் முதல் தடவை," என்று ஜாகிர் சந்தோஷமாக இறங்கினான். கீழேயிருந்து குரல் வந்தது. "எடுத்துட்டேன்!"

சக்கரம் சுற்றியது. படகு நேரானது.

"வை!"

படகு கடற்படைப் பக்கம் திரும்பியது.

"எடு!"

படகு நேரானது. தேவன் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். ரோந்துப் படகில் இருந்தவர்கள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுச் சும்மா வேடிக்கை பார்த்தார்கள்.

"அம்மா!"

பழனியப்பன்தான். நனைந்த பலகையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தார். "அம்மா! கடைசி காலத்துல நீங்க கறியைத் தொடவே இல்லையே! சைவமாச்சே! உங்க பேரை வச்சிட்டு உங்க வயித்துக்குள்ள ஆட்டைக் கொண்டாந்து வச்சேனே! வெள்ளிக்கிழமை மட்டும் நீங்க நேராப் போனதோட அர்த்தம் இந்தப் பாவிக்கு இப்பதான் புரியுது!"

"சைவப் படகா?" தேவனுக்குக் கண் திறந்துவிட்டது. "எனக்கு வேணாம்லா! வர்ற டூரிஸ்ட் எல்லாம் இக்கான் பாக்கார் கேப்பான். சுட்ட மீனை வாயில வைக்கும்போதே படகு நேவிக்குள்ள பூந்துச்சுன்னா யார் பதில் சொல்றது?"

தினேஸ்வரி ஒரு விநாடி யோசித்தாள். பழனியப்பன் சொல்வதில் எல்லாம் பொருந்தியது. வெள்ளிக்கிழமை பொருந்தியது, கறி பொருந்தியது. கரண்டி மட்டும் பொருந்தவில்லை.

"ஜாகிர், கரண்டி பைக்குள்ளயா ஒட்டுச்சு, வெளியவா?"

"வெளியதான். அடிப்பக்கமா."

"கறி கேரியருக்குள்ளதானே இருக்கு? பைக்கு வெளிய, அடியில, மசாலா எப்படிடா ஒட்டும்?"

ஜாகிர் பையை மேலே கொண்டுவந்தான். தினேஸ்வரி கேரியரை வெளியே எடுத்தாள். அதற்கு அடியில், பையின் ஆழத்தில், சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை ஒன்று இருந்தது. அவிழ்த்தாள். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புக் காந்த வளையம். அதைச் சுற்றி ஆணி, நட்டு, போல்ட் என்று ஒட்டிக்கொண்டு, முள்ளம்பன்றிக் குட்டி மாதிரி இருந்தது.

பழனியப்பன் படுத்தபடியே தலையைத் தூக்கினார். "இது என் பழைய லாரி ஸ்பீக்கர்ல இருந்த காந்தமாச்சே!"

"உங்க சாமான் பெட்டியிலதான் கெடந்துச்சு," என்றாள் நவமணி. படியில் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது. "கறியை வெளிய கொண்டு போனா கூடவே இரும்பு வைக்கணும்ல? எஸ்டேட்டுல உங்கம்மாதான் எனக்குச் சொன்னாங்க. இரும்பு இல்லாம கறிச் சட்டியைத் தூக்கிட்டுப் போனா ரப்பர் மரத்துலேர்ந்து பேய் பின்னாலயே வந்துரும்னு."

"அதுக்கு ஒரு ஆணி போதும்லா!" என்றார் பழனியப்பன்.

"அது எஸ்டேட்டுங்க. இது கடலு! எத்தனை பேரு முழுகிப் போயிருப்பாங்க, எத்தனை காலத்துப் பசியோ! ஒத்த ஆணிக்கு அடங்குமா? அதான் நிறைய வச்சேன். படகு ஆடும்போது ஆணியெல்லாம் செதறிப் போவுது. காந்தத்துல ஒட்ட வச்சா ஒண்ணா இருக்கும்ல?"

தினேஸ்வரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "படகு சாயும்போது பை அலமாரிக்குள்ள சரிஞ்சு பின்பலகை வரைக்கும் போவுது. பலகைக்கு அந்தப் பக்கம்தான் ஆட்டோவோட டப்பா. இந்தக் காந்தம் பக்கத்துல வந்ததும் அது வடக்கை மறந்துடுது. வெள்ளிக்கிழமை கறி இல்ல. கறி இல்லாட்டி பேய் இல்ல. பேய் இல்லாட்டி இரும்பு இல்ல. இரும்பு இல்லாட்டி படகு நேராப் போவுது."

"ஆக, குற்றவாளி தேவன் அண்ணேயும் இல்ல, நவமணி அக்காவும் இல்ல," என்று ஜாகிர் தீர்ப்புச் சொன்னான். "மாமியார்!"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நவமணி தன் கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் குற்றவாளியா இருப்பேன்னு யாரு சொன்னது?" என்றாள் மெதுவாக. தினேஸ்வரி பக்கம் திரும்பினாள். "நீ யாரும்மா? இவருக்குச் சித்தப்பாவே கெடையாது. வந்தப்பவே தெரியும். படகை வாங்க வந்த இன்னொரு ஆளுன்னு நினைச்சுப் பேசாம இருந்துட்டேன்."

தினேஸ்வரி பழனியப்பனைப் பார்த்தாள். பழனியப்பன் தன் காலைப் பார்த்தார்.

"என்னைப் பிடிக்க ஆள் வச்சீங்களா?"

"படகைப் பத்தி நீ ஒண்ணுமே ஏசலையே மணி..."

"ஏசுறதுக்கு ஒண்ணும் இல்ல, ஏசலை!" அவள் குரல் உடைந்துவிட்டது. "ஈப்போ வீட்டுல நீங்க எங்க இருந்தீங்க? விடிஞ்சா பட்டறை, அடைஞ்சா பட்டறை. சோத்துக்குக் கூப்பிட ஃபோன் பண்ணணும். இங்க எந்த மூலையில இருந்தாலும் கூப்பிட்டா கேக்குற தூரத்துல இருக்கீங்க. நீங்க மழை நேரத்துல நடுக்கடல்ல இருக்கீங்களே, ஒண்ணும் அண்டக் கூடாதேன்னு இரும்பை வச்சா, நான் உங்களைக் கவுக்கப் பார்த்தேனா? விக்கணும்னு நீங்க சொன்னதும் என் சாமானை எல்லாம் கட்டி வச்சிட்டேன். மனசு மட்டும் கட்டுக்குள்ள வரலை."

பழனியப்பன் பலகையிலிருந்து எழுந்து அவள் அருகே வந்தார்.

"நான் ஒரு மடையன் மணி," என்றார் பழனியப்பன்.

"அது எஸ்டேட்டுக்கே தெரியும்."

"படகை விக்கலை."

"நான் வாங்கவும் இல்ல," என்றார் தேவன் அவசரமாக, குடைக்குள்ளிருந்து.

"அம்மா பேரு வேணாம்னா மாத்திடறேன்."

"ஏன் மாத்தணும்? தினமும் உங்கம்மாவைத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறது நான். எனக்குப் பழகிருச்சு." நவமணி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். "ஆனா இந்த மாசம் தண்ணிக்குள்ள முங்கி அடியில ஒட்டுன சிப்பியெல்லாம் சொரண்டுறது நீங்க. அடுத்த மாசமும் நீங்கதான்."

"சரி."

"அக்கா," என்றான் ஜாகிர் தயக்கமாக. "இரும்பு இல்லாட்டி இனிமே பேய்க்கு என்ன செய்வீங்க?"

"அடுப்புக்கரி வைக்கலாம் தம்பி. அதுவும் மாமி சொன்னதுதான்."

"அதை முதல்லயே வச்சிருந்தா..." என்று பழனியப்பன் ஆரம்பித்தார்.

"புது மெத்தையில கரி ஒட்டுனா யாரு தொவைக்கிறது? நீங்களா?"

பழனியப்பன் வாயை மூடிக்கொண்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு திட்டு வாங்கியதில் அவர் முகம் தெளிந்திருந்தது. நவமணி கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலேயே போய் உட்கார்ந்து, கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். நல்லம்மாள் கோடு போட்ட மாதிரி ஜெட்டியை நோக்கிப் போனாள்.

*

ஈப்போவுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. போத்தாவைத் தாண்டிக் குறுக்கு வழி என்று ஜாகிர் நுழைந்த ரோட்டில், இரண்டு பக்கமும் கைவிட்ட ரப்பர் தோட்டம். ஒரு முச்சந்தியில் காரை நிறுத்தினான். ஃபோனை எடுத்து வழி பார்த்தான்.

"அக்கா, இந்த அம்புக்குறி ராட்டினம் மாதிரி சுத்துது. இடமா, வலமா?"

தினேஸ்வரி தன் காலடியைப் பார்த்தாள். நவமணி மிச்சக் கறியைக் கட்டிக் கொடுத்த பை அங்கே இருந்தது. கையை விட்டாள். கேரியருக்கு அடியில் சிவப்பு மூட்டை. "காட்டு வழியில போறீங்க, கூட வச்சிருக்கேன்," என்று நவமணி ஏதோ சொன்னது இப்போதுதான் உறைத்தது.

"அதைத் தூக்கிப் போடுங்கக்கா. கேஸ்தான் முடிஞ்சிருச்சே."

தினேஸ்வரி மூட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னலை இறக்கினாள். வெளியே ஒரு வீடு இல்லை, ஒரு விளக்கு இல்லை. ஈர மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. எங்கோ ஒரு கிளை சடசடத்தது. காருக்குள் ஆட்டுக்கறி வாசம் கும்மென்று அடித்தது.

ஜன்னலை ஏற்றினாள். மூட்டையைப் பைக்குள்ளேயே பத்திரமாக வைத்தாள்.

"ஏன்க்கா?"

"எனக்கு வழி தெரியும்லா," என்றாள் துப்பறியும் தினேஸ்வரி. "நீ வேகமா ஓட்டு."